பெரூத்தியேல் ராணியின் பூனைகள்: அப்படி ஒருத்தி உண்டா, இல்லையா?

ஜூன் 11, குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

அண்ணே, ஹாஸ்டலில் நாங்கள் சிலர் சேர்ந்து ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வாசிக்கிறோம். முதல் பாகத்தில் மோரியா சுரங்கத்துக்குள் போகும்போது எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள். அப்போது கூட வரும் வீரன் அரகோர்ன் தைரியம் சொல்கிறான்: வழிநடத்தும் மந்திரவாதி கேண்டால்ஃப் வழி தவற மாட்டார், கும்மிருட்டிலும் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பதில் பெரூத்தியேல் ராணியின் பூனைகளே அவரிடம் தோற்றுப்போகும் என்று. யார் இந்த ராணி? மூன்று பாகத்தையும் புரட்டிவிட்டேன், வேறு எங்கேயும் காணோம். ஆசிரியர் சும்மா ஒரு பேரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார், அந்த உலகத்திலேயே அப்படி ஒரு ஆள் கிடையாது என்பது என் கட்சி. பசங்க ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். பந்தலூர் அண்ணன் சொல்லட்டும்.

ஜூன் 11, இரவு

பாதி உன் பக்கம்.

அந்த வரியை எழுதியபோது அவள் யாரென்று நாவலாசிரியர் டோல்கீனுக்கே தெரியாது. முதல் பாகம் வந்தது 1954-ல். அடுத்த வருஷம் ஜூனில் கவிஞர் ஆடனுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எழுதிக்கொண்டு போகும் வழியில் தன்னையே திகைக்க வைத்த விஷயங்களை அதில் அடுக்குகிறார். பிரீ என்ற ஊருக்குத் தான் அதுவரை போனதில்லையாம். சத்திரத்து மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்ட்ரைடர் (அதாவது அரகோர்ன்) யாரென்று தெரியாதாம். கேண்டால்ஃப் ஏன் வரவில்லை என்று கதாநாயகன் ஃப்ரோடோ முழித்த மாதிரியே தானும் முழித்தாராம். அதே வரிசையில் வருகிறது: பெரூத்தியேல் ராணியின் பூனைகளைப் பற்றி இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று.

1956-ல் எழுதிய இன்னொரு கடிதத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். நாவலில் போகிறபோக்கில் வரும் பழங்கதைக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஏற்கெனவே எழுதிவைத்த கதை உண்டு. தனக்கு நினைவு வரும் விதிவிலக்கு இந்தப் பூனைகளும், இன்னும் இரண்டு மந்திரவாதிகளின் பெயர்களும்தான் என்கிறார்.

ஆனால் எழுதினவருக்குத் தெரியாது என்பதால் அந்த உலகத்தில் அவள் இல்லை என்று சொல்ல முடியாது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் நிற்காது.

ஜூன் 12

கதை இருக்கிறது. டோல்கீன் இறந்த பிறகு 1980-ல் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ புத்தகத்தில், மந்திரவாதிகளைப் பற்றிய கட்டுரைக்குப் பின்னால் ஒரு சின்னக் குறிப்பாக ஒளிந்து கிடக்கிறது. அதுவும் முழுக்கதை இல்லை. அப்பா கிறுக்கிவைத்த ஒரு ஆரம்பக் கோட்டுருவம்தான், நடுவில் ஒரு பகுதி வாசிக்கவே முடியவில்லை என்கிறார் மகன்.

சுருக்கமாக: கோண்டோர் என்ற தெற்கத்து ராஜ்யத்தின் பன்னிரண்டாவது அரசன் டாரன்னோன். கப்பல் அரசர்களில் முதலாமவன். கடற்கரைகளின் தலைவன் என்று பொருள்பட ஃபலஸ்தூர் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டவன். பெலார்கிர் துறைமுகத்துக்குக் கீழே ஆண்டுயின் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தண்ணீருக்குள் கால் ஊன்றிய வளைவுகளின் மேல் அவன் ஒரு மாளிகை கட்டினான். அவன் மனைவிதான் பெரூத்தியேல். அந்த வீடும் பிடிக்காது, கடலும் பிடிக்காது. உள்நாட்டில் ஒஸ்கிலியாத் நகரத்து அரண்மனையில் தனியாக இருந்தாள். வண்ணம், அலங்காரம் எதுவும் ஆகாது. கறுப்பும் வெள்ளியும் மட்டும் உடுத்துவாள். வெறும் அறைகளில் குடியிருந்தாள். தோட்டத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் வேதனையில் முறுக்கிக்கொண்ட மாதிரி சிலைகள்.

ஒன்பது கறுப்புப் பூனை, ஒரு வெள்ளைப் பூனை. கறுப்புப் பூனைகள் ஊருக்குள் போய் மனிதர்கள் மறைத்துவைத்த ரகசியங்களை எல்லாம் எடுத்து வரும். அந்த ஒன்பதையும் வேவு பார்க்க வெள்ளைப் பூனை. அவற்றோடு அவள் பேசுவாள், அல்லது அவற்றின் நினைவுகளை வாசிப்பாள். கோண்டோரில் ஒருத்தரும் அந்தப் பூனைகளைத் தொடத் துணியவில்லை. எதிரே வந்தால் சபிப்பார்கள்.

கடைசியில் அரசன் அவளைப் பூனைகளோடு தனியாக ஒரு கப்பலில் ஏற்றி, வாடைக்காற்று அடிக்கும்போது கடலில் விட்டுவிட்டான். அரசர் ஏட்டிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். உம்பார் துறையைத் தாண்டிப் பிறை நிலவின் கீழ் அந்தக் கப்பல் பறந்து போனதைக் கண்டவர்கள் உண்டு. பாய்மர உச்சியில் ஒரு பூனை, கப்பல் முகப்பில் இன்னொன்று. அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

தம்பிக்கு ஒரு விஷயம். மூன்றாம் பாகத்தின் முதல் பின்னிணைப்பில் கோண்டோர் அரசர் வரிசை இருக்கிறது, எடுத்துப் பார். டாரன்னோன் ஃபலஸ்தூர், இறப்பு 913 (அந்த உலகத்து ஆண்டுக் கணக்கில், மூன்றாம் யுகம்). பிள்ளையில்லாத முதல் அரசன் அவன். அவனுக்குப் பின் தம்பி டார்கிரியனின் மகன் எயார்னில் பட்டத்துக்கு வந்தான் என்று போட்டிருக்கும். மனைவி பேர் இருக்காது. கோட்டுருவத்தில் பெயரை நீக்கினார்கள் என்று வருகிறதே, அந்த நீக்கலை நாவலின் பின்னிணைப்பிலேயே கண்ணால் பார்க்கலாம். அவளைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்தில் போட்ட பட்டியல் அது. அப்புறம் எழுதிய கதை அந்த வெற்றிடத்தில் அப்படியே போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

ஜூன் 16

பூனை எதிரே வந்தால் சபிப்பார்கள் என்பதைப் படித்துவிட்டு ஒருவர், நம் ஊரிலும் அதேதானே என்று எழுதியிருக்கிறார். ஆமாம். எங்கள் பக்கத்தில் பூனை குறுக்கே போனால் ஜீப் டிரைவர்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார். என் அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவாள். ஒன்பது பூனை அலைகிற ஊராக இருந்திருந்தால் அத்தை வேலைக்கே போயிருக்க மாட்டாள்.

ஜூன் 21

இந்த வாரம் முழுக்கத் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். கொழுந்து வரத்து அதிகம், மழையில் நனைந்த கொழுந்து வாடுவதற்கு நேரம் எடுக்கும், அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடம் எனக்கு ஒட்டவே இல்லை.

தொடவே ஆள் இல்லாத பத்துப் பூனைகளைக் கப்பலில் ஏற்றியது யார்?

பூனை பிடித்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒரு கடுவன் பூனை இருந்தது. காது ஒன்று கிழிந்தது, கருவாடு எங்கே தொங்கினாலும் எட்டிவிடும். அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தேவாலா பஜாரில் கொண்டுபோய் விட்டுவிடு என்றாள். நானும் பக்கத்து வீட்டுப் பையனும் கொழுந்துச் சாக்கோடு இறங்கினோம். கருவாட்டைச் சாக்குக்குள் போட்டு வாயைத் திறந்து பிடித்தால் முன்கால் மட்டும் உள்ளே வரும், பின்கால் வெளியே நிற்கும். கருவாட்டை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு மூலையில் மடக்கினோம். அது சுவரில் நேராக ஏறியது. ஓட்டுச் சட்டத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் கையையும் கிழித்தது. சாக்கில் போட்ட பிறகும் அடங்கவில்லை. நகம் சாக்கின் நெசவு வழியே வெளியே வந்து என் முழங்காலில் மாட்டிக்கொண்டது. லாரியில் ஏற்றித் தேவாலாவில் அவிழ்த்துவிட்டோம். சில நாள் கழித்து ஒரு ராத்திரி, சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, அத்தை வீட்டு அடுப்படியில் பழைய இடத்தில் சுருண்டு கிடந்தது. சாம்பல் சூட்டில் வயிற்றை வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

அது ஒரு பூனை. வீட்டுப் பூனை. பிடித்தது பயமில்லாத இரண்டு பேர்.

ஒஸ்கிலியாத்தில் பத்து. ஊரே நடுங்குகிற பூனைகள். ராத்திரி முழுக்க ஊருக்குள் அலைவதுதான் அவற்றின் தொழில். அரசன் ஆணை போட்டால் காவலர்கள் ராணியைப் பிடித்துப் படகில் ஏற்றலாம். பூனைக்கு ஆணை தெரியுமா? பத்தையும் பிடித்துவிட்டோம் என்று அரசனிடம் வந்து சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் தலை போகும். கப்பலைக் கடைசியாகப் பார்த்தவர்கள் கண்டது எத்தனை? இரண்டு. மேலே ஒன்று, முன்னால் ஒன்று. மீதி எட்டும் கப்பலுக்குள் இருந்தன என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் நினைப்பது இது. சில பூனைகள் பிடிபடவே இல்லை. ராணி போன பிறகும் ராத்திரி வெளியே போய்விட்டு, விடியும் முன்னே காலி அரண்மனைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஊர் அதைப் பார்த்தது. அந்தப் பேச்சுவழக்கு அங்கேதான் பிறந்தது.

இப்படி எடுத்தால்தான் அரகோர்னின் வாக்கியம் எனக்கு நிற்கிறது. அவன் சொன்னதை மறுபடி படியுங்கள். வேவு பற்றி இல்லை, கொடுமை பற்றி இல்லை. கண் தெரியாத இருட்டில் வீட்டுக்கு வழி தெரியும் என்பது மட்டும்தான். தான் பெரிதும் மதிக்கும் ஒரு பெரியவரைப் புகழ்வதற்கு இந்தப் பூனைகளை எடுத்துக்கொள்கிறான். எல்லாப் பூனையும் கடலோடு போயிருந்தால் வீடு திரும்புவதற்கு அவை எப்படி உதாரணமாகும்?

ஜூன் 24

கோத்தகிரியிலிருந்து டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் எடுத்துவைப்பது வலுவான எதிர்வாதம், தள்ள முடியாது. 1966-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் டோல்கீன் வேறு மாதிரி சொன்னார் என்கிறார். உண்மைதான். அந்தப் பேட்டியில், இவளைப் பற்றி மட்டும் தனக்கு உறுதியாக எதுவும் தெரியாது, திடீரென்று முளைத்து வந்து நின்றாள் என்கிற மாதிரி ஆரம்பிக்கிறார். பூனையை வெறுக்கிற ஆளைத்தான் பூனை தேடிப் போய் மடியில் ஏறும் என்று நாம் பார்த்திருக்கிறோமே, அந்த ரகம் இவள் என்கிறார். அவற்றை வதைத்தாள், பிறகு சிலவற்றை வைத்துக்கொண்டு பழக்கி ராத்திரி வேலைக்கு அனுப்பினாள்.

டீச்சர் கேட்பது: வெறுத்தாலும் விடாமல் பின்னால் வருகிற பூனைகள் என்றால், அவற்றை யாரும் பிடிக்கவே தேவையில்லையே? அவள் கப்பலேறினால் தாங்களாகவே பின்னால் ஏறிவிடாதா?

இதற்குப் பதில் யோசிக்க வேண்டும்.

ஜூன் 25

யோசித்ததில் வேறொன்று அகப்பட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே பேட்டியில் அவளை நார்வே பக்கத்துப் பழங்கதையில் வரும் ஸ்காடியோடு ஒப்பிடுகிறார். ஸ்காடி மலைக்காரி. கடல் தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கடற்பறவைகளின் கூச்சல் தாங்காமல் மலைக்கே திரும்பிப் போனவள். பெரூத்தியேலுக்கும் கடல் நாற்றம் ஆகாது, மீன் ஆகாது, பறவைச் சத்தம் ஆகாது.

இதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் ஒரு பாசம். எங்கள் லைனில் பிறந்து கடற்கரை ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட அக்கா ஒருத்தி உண்டு. ஒவ்வொரு தடவை வரும்போதும் முதல் நாள் முழுக்கத் தூங்குவாள். அங்கே உப்புக்காற்றில் உடம்பு பிசுபிசுவென்று இருக்கிறது, ராத்திரி அலைச் சத்தம் விடமாட்டேன் என்கிறது என்பாள். அவளை யாரும் பொல்லாதவள் என்று சொன்னதில்லை.

ஜூன் 25, மறுபடி

கோட்டுருவத்தில் பெரூத்தியேல் மேல் உள்ள குற்றப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பொல்லாதவள், தனிமையானவள், அன்பில்லாதவள் என்ற அடைமொழிகள் எடுத்தவுடன் வந்துவிடுகின்றன. செய்தது என்ன? கடலை வெறுத்தாள். கறுப்பு உடுத்தினாள். வெறும் அறையில் இருந்தாள். அவலட்சணமான சிலை வைத்தாள். மற்றவர்கள் மறைத்ததைத் தெரிந்துகொண்டாள். பூனைகளை வதைத்தாள். தெரிந்துகொண்டு என்ன செய்தாள்? யாரைக் காட்டிக்கொடுத்தாள், யாரைக் கொன்றாள்? ஒரு வரி கிடையாது.

அவளை நல்லவளாக்க நான் வரவில்லை. பேட்டியில் வரும் பூனைவதை நிஜமென்றால் அவளுக்காகப் பேச எனக்கு நாக்கு எழாது. கறுப்பு நூமெனோரியர் வம்சமாக இருக்கலாம் என்று அவரே அதே பேட்டியில் யூகிக்கிறார், அது நாவலின் பெரிய வில்லனான சௌரோன் பக்கம் சாய்ந்த கூட்டம். பூனைவதை கோட்டுருவத்திலும் வருகிறது. மற்றபடி பேட்டியில் பேசியது ஒரு மாதிரி, தாளில் எழுதியது ஒரு மாதிரி. இரண்டையும் அவர் இருக்கும்போது புத்தகமாக்கவில்லை. அச்சில் அவர் கையெழுத்திட்டு நமக்குக் கொடுத்தது அரகோர்னின் ஒரே ஒரு வாக்கியம். நான் அதில்தான் நிற்பேன்.

ஜூன் 27

டோல்கீனுக்குப் பூனை பிடிக்காது, அதனால்தான் இப்படி என்று ஒருவர். அதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. 1959-ல் பூனை வளர்ப்பவர் ஒருவர், தன் சயாமியப் பூனைகளுக்கு நாவலிலிருந்து பேர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சயாமியப் பூனை என்றாலே தனக்கு அது சௌரோன் ஆளும் மோர்டோர் நாட்டு மிருகம், ஆனால் இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதினார் டோல்கீன். இளவயதில் எழுதிய பழைய கதைகளில் டெவில்டோ என்று பூனைகளின் இளவரசன் ஒருவன் வருவான். பெரன் என்ற நாயகனைப் பிடித்து அடுப்படி வேலைக்கு வைப்பவன். அந்த இடத்துக்குத்தான் பின்னால் சௌரோன் வந்து சேர்ந்தான். அந்தக் கதாசிரியர் கையில் பூனை லேசில் நல்ல பேர் வாங்காது. அப்படிப்பட்டவர் நாவலில் ஒரே ஒரு இடத்தில் பூனையை வைத்துப் புகழ்கிறார் என்றால், அந்த இடத்தை நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

டெவில்டோவைப் பற்றித் தனியாகப் பேசலாம், இங்கே வேண்டாம்.

ஜூலை 2

டீச்சருக்குப் பதில். எனக்கு இது புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை, என் அம்மாயியிடமிருந்து கிடைத்தது.

1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள் நீலகிரியில் நிறையப் பேர். எங்கள் குடும்பமும் அதில்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், கடைசியில் இந்தத் தேயிலை மலை. அம்மாயிக்கு லயத்தில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம். கிளம்பும்போது அதைப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் (காம்பரா என்றால் லயத்து அறை) ஒப்படைத்தாள். கடைசி ராத்திரி சோற்றில் நெத்திலி பிசைந்து வைத்ததை, வருஷம் எத்தனை போன பிறகும், விரலை அசைத்துப் பிசைந்து காட்டித்தான் சொல்வாள்.

பக்கத்துக் காம்பராக்காரி சாப்பாடு ஒழுங்காக வைத்தாளாம். பூனை வந்து தின்னும், தின்றுவிட்டுப் போய்விடும். படுப்பது பூட்டிக் கிடந்த அம்மாயி காம்பரா வாசலில்தான். தூக்கிக்கொண்டு வந்து தன் அடுப்படியில் விட்டாலும் ராத்திரியில் எழுந்து போய்விடுமாம். இதைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பிறகு அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. பூனை அவர்களோடு சேர்ந்துகொண்டது. அம்மாயிக்கு அதில் ஒரு சின்ன வருத்தம், பெரிய நிம்மதி. தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாள் பதிவேட்டில்) அவள் பேரை அடித்திருப்பார்கள். லயத்து ஜனங்கள் அந்த இடத்தைப் பூனைக்காரி காம்பரா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அவளைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூட.

ஆக டீச்சர், நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடு நிற்கும். நீங்கள் சொல்வதுபோல ஒன்றிரண்டு அவளைத் தொடர்ந்து கப்பலில் ஏறியிருக்கலாம், அதனால்தான் இரண்டு தெரிந்தன என்று நானே வைத்துக்கொள்கிறேன். எல்லாம் ஏறியிருக்காது. அரகோர்ன் சொல்வதும் ராணியிடம் திரும்பும் பூனை இல்லை, வீட்டுக்குத் திரும்பும் பூனை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏட்டில் அழித்தாலும் மனிதர் நினைவு ஏட்டுக்குள் அடங்காது, அந்தப் பூனைகள் ஜனங்களின் பேச்சிலிருந்து போகவே இல்லை என்று கோட்டுருவமே முடிவில் சொல்கிறது. டாரன்னோன் செத்தது மூன்றாம் யுகம் 913-ல். மோரியாவில் அரகோர்ன் பேசுவது 3019-ல். குறைந்தது 2,100 வருஷம் ஒரு பேச்சுவழக்கு உயிரோடு இருந்திருக்கிறது. பயமும் வெறுப்பும் மட்டும் அவ்வளவு தூரம் வராது என்று நினைக்கிறேன். வழியில் எங்கேயோ ஜனங்கள் அந்தப் பூனைகள் மேல் ஆசை வைத்துவிட்டார்கள்.

ஜூலை 3

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க.

மோரியாவில் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் போரோமிரும் இருக்கிறான். கோண்டோர்க்காரன். ஹாபிட்கள் (கூட்டத்தில் இருந்த சிறு மனிதர்கள்) யாரும் ‘யார் அந்த ராணி’ என்று கேட்கவில்லை, அவர்களுக்கு இருந்த பயத்தில் கேட்கத் தோன்றாது. போரோமிர் கேட்காததற்குக் காரணம் வேறு: அவனுக்குத் தெரியும். அவன் ஊர் வழக்கு அது. அரகோர்னும் இளவயதில் தோரோங்கில் என்ற பேரில் கோண்டோரில் படைப்பணி செய்தவன், அங்கேதான் அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். வடக்கே வளர்ந்த ஒருவன் தெற்கத்திச் சொலவடையைத் தெற்கத்தியான் எதிரில் எடுத்துச் சொல்கிறான். அதிலேயே ஒரு நேசம் இருக்கிறது.

இதில் என்னை உலுக்கியது ஒஸ்கிலியாத். 1636 கொள்ளைநோய்க்குப் பிறகு அரச குடும்பமே அந்த நகரத்தைக் காலி செய்துவிட்டு மினாஸ் ஆனோர் நகரத்துக்குப் போனது. நாவல் நடக்கும்போது அது இடிபாடு. மோரியாவுக்கு வருவதற்குச் சில மாதம் முன்புதான் போரோமிர் அங்கே பாலத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறான். பாலம் இடிந்தபோது தப்பி நீந்திக் கரையேறியது நான்கே பேர், அவனும் தம்பி ஃபராமிரும் இன்னும் இருவரும். அந்தப் பூனைகளின் வீடு எந்த நிலையில் கிடக்கிறது என்பதைக் கடைசியாகக் கண்ணால் பார்த்த ஆள் அந்தக் கூட்டத்தில் அவன்தான். அரகோர்ன் வீட்டுக்கு வழி என்று சொன்னபோது அவனுக்குள் என்ன ஓடியிருக்கும்! டோல்கீன் எழுதவில்லை. எழுதிய அன்று இதெல்லாம் அவருக்கும் தெரியாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கு அது அங்கே இருக்கிறது.

ஜூலை 14

வாசிக்க முடியாத அந்தப் பகுதியில் என்ன இருந்திருக்கும் என்று ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள். ஒருவர் அந்த இடத்தை நிரப்பி முழுக் கதையே எழுதி அனுப்பியிருந்தார். ராணிக்கு ஒரு கள்ளக்காதல், வெள்ளைப் பூனை காட்டிக்கொடுக்கிறது, அரசன் கொதிக்கிறான். நன்றாக எழுதக்கூடியவர், வேறு கதை எழுதச் சொன்னேன். கிறிஸ்டோபர் அப்பாவின் கையெழுத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். அவருக்கே பிடிபடவில்லை என்றால் அந்த இடம் அப்படியே இருக்கட்டும். நான் பிடிபடாத பூனை என்று சொல்வதும் ஒரு யூகம்தானே என்று கேட்பீர்கள். யூகம்தான். ஆனால் நான் நிற்பது எழுதியிருக்கும் மூன்று விஷயங்களில்: தொட யாரும் துணியவில்லை, கப்பலில் தெரிந்தவை இரண்டு, சொலவடை வீடு திரும்புவதைப் பற்றியது. இதற்கு வெளியே ஒரு அடியும் நான் வைக்கவில்லை.

ஜூலை 19

அரகோர்ன் சொன்னதின் முன்பாதியை யாரும் எடுக்கவில்லையே. தனக்கு என்ன ஆனாலும் சரி, நம்மை வெளியே கொண்டுபோய் விடுவார் என்று சொல்லிவிட்டுத்தான் பூனைக்கு வருகிறான். அப்படியே நடக்கிறது. மற்ற எல்லாரும் வெளியே வருகிறார்கள், கேண்டால்ஃப் பாலத்திலிருந்து விழுகிறார். பிறகு வேறு வழியாகத் திரும்பி வருகிறார், வெள்ளையாக. தொலைந்தது என்று எல்லாரும் கைவிட்டது திரும்பி வரும் என்பதை அரகோர்ன் அறியாமலே சொல்லிவிட்டான். ஹாஸ்டல் பசங்களுக்கு இதை வாசித்துக் காட்டு தம்பி.

ஜூலை 30

டீச்சர் கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறார். எல்லாம் சரி, ஒரு பூனை மிஞ்சியது என்றால் வெள்ளைப் பூனைதான் மிஞ்சியிருக்கும். ஒன்பதுக்கும் பின்னால் தனியாகத் திரிவது அதுதான், இருட்டில் ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது. ராத்திரி டிரையர் பக்கம் எங்கள் ஃபேக்டரிப் பூனை, அது கறுப்பு, என் காலில் வந்து முட்டும் வரை இருப்பதே தெரியாது. கறுப்புப் பூனை வீடு திரும்புவதை ஊர் எப்படிக் கண்டது என்ற கேள்விக்கும் இதில் விடை வந்துவிடுகிறது.

ஒரே ஒரு தடங்கல். அரகோர்ன் பூனைகள் என்கிறான், ஒரு பூனை என்று சொல்லவில்லை. ஆகவே வெள்ளையோடு கூட ஒரு கறுப்பாவது நின்றிருக்க வேண்டும். கப்பலில் கண்ட இரண்டு போக எட்டு பாக்கி இருக்கிறது டீச்சர், தாராளமாக இடம் இருக்கிறது.